பிழை பொறுக்கும் பெருந்தகை

கோடு எழுதுகிற ஜனங்களுக்கு நன்றியுணர்ச்சி கம்மி. சர்வர் ஓடினால் அது தங்கள் சாமர்த்தியம். நின்றால் மொழியின் குற்றம். நாற்பது வருடத்துக்கு மேலாக, யார் எதை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு "ஆகட்டும்" என்று தலையாட்டி வருகிற பைண்ட் அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. பொன்னாடை போர்த்த வேண்டாம், நாலு வரியாவது எழுத வேண்டாமா?

தெரியாதவர்களுக்காக: நெட்வொர்க்கில் யாராவது வந்து பேசட்டும் என்று காத்திருக்கிற புரோகிராம் எதுவானாலும் முதலில் ஒரு சாக்கெட்டைத் திறக்கும். பிறகு, "இந்த ஐபி முகவரியில், இந்த போர்ட்டில் இருக்கிறேன்" என்று இயங்குதளத்திடம் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவைச் செய்துகொடுப்பவர்தான் பைண்ட். 1983-இல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளியே வந்தவர். பூர்வீகம் சி மொழி. பின்னால் பிறந்த பைதான், ரூபி, கோ, ரஸ்ட் என்று எல்லா மொழிகளும் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் வேறு சட்டை மாட்டிவிட்டன. குணம் அவ்வளவு சுலபத்தில் மாறுமா?

சி-யில் அவர் காட்டிய பெருந்தன்மையிலிருந்து தொடங்குவதுதான் முறை. போர்ட் எண்ணுக்கு இரண்டு பைட். நெட்வொர்க்கில் பெரிய பைட் முன்னால் போகவேண்டும் என்பது விதி. நம் மேசைமேல் இருக்கும் இன்டெல் சிப்போ சின்ன பைட்டை முன்னால் வைத்துக்கொள்ளும். ஆகவே முகவரியை நிரப்பும்போது எண்ணைத் திருப்பிப்போட எச்டிஓஎன்எஸ் என்ற ஒரு சின்ன ஃபங்ஷனை அழைக்கவேண்டும். மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கடுகடுப்பான ஆளாக இருந்தால் "என்னப்பா எண் இது?" என்று கேட்டிருப்பார். பைண்ட் அவர்கள் கேட்கமாட்டார். 8080 வேண்டும் என்றவருக்கு 36895-ஐக் கொடுத்துவிட்டுப் பூஜ்யம் என்று பதில் சொல்வார். இங்கே பூஜ்யம் என்றால் வெற்றி. அடுத்த கணம், "சர்வர் 8080-இல் தயார்" என்று நீங்களே எழுதிவைத்த வாசகம் திரையில் விழும். பிரவுசரில் மட்டும் ஒன்றும் வராது. ஃபயர்வாலைச் சந்தேகிப்பீர்கள், ரூட்டரைச் சந்தேகிப்பீர்கள், நெட்வொர்க் அட்மினோடு மனஸ்தாபம் வரும். இத்தனைக்கும் நடுவில் பைண்ட் அவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை யாரையாவது குறை சொல்லியிருப்பாரா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பழமொழி கட்டியவர்கள் இவரைப் பார்த்ததில்லை.

80 கேட்டவருக்கு உபசாரம் இன்னும் பலம். யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க ரூட் அதிகாரம் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். முறையாகத் திருப்பிப்போட்டு 80 கேட்கும் சாதாரணப் பயனரை "அனுமதி இல்லை" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். திருப்பிப்போட மறந்தவருக்கு 20480 கிடைக்கும். அதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம். ஒழுங்காக எழுதியவனுக்குக் கதவடைப்பு, தப்பாக எழுதியவனுக்கு ரத்தினக் கம்பளம். இதைவிட எளியோர்க்கு இரங்கும் நெஞ்சம் எங்கே இருக்கிறது? 7967-ஐத் தேர்ந்தெடுத்தவர் பாக்கியசாலி: அந்த எண்ணின் இரண்டு பைட்டும் ஒன்றே, திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் 7967. அதில் டெஸ்ட் எழுதினால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிழையும் பத்திரமாக இருக்கும்.

பைதானுக்கு வருவோம். எண்ணைத் திருப்பிப்போடும் வேலையை அது தானே செய்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அதன்மேல் எனக்கு வருத்தம்தான். தப்புச் செய்ய இருந்த நல்ல வாய்ப்பு ஒன்று போயிற்று. ஆனால் அதற்கு ஈடுசெய்த அழகைச் சொல்லவேண்டும்.

பைதானில் இணைய முகவரி என்பது ஒரு ஜோடி. ஹோஸ்டும் போர்ட்டும் சேர்ந்த ஒரே டியூப்பிள். அதனால் பைண்டுக்குக் கொடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறி போடவேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கை தவறி இரண்டு முறை அடித்ததுபோல் இருக்கும். பழைய பைதானில் ஒன்றை விட்டுவிட்டு, ஹோஸ்ட் தனியாக, போர்ட் தனியாக இரண்டு மதிப்பாகக் கொடுத்தாலும் வேலை நடந்தது. காரணம், சி-யில் எழுதப்பட்ட ஃபங்ஷன்களுக்கு அன்றைய பைதான் மதிப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதம். ஒன்று வந்தால் அப்படியே உள்ளே போகும். ஒன்றுக்கு மேல் வந்தால் டியூப்பிளாகக் கட்டி அனுப்பப்படும். சரியாக எழுதியவருடையதும் தப்பாக எழுதியவருடையதும் உள்ளே போய்ச் சேரும்போது ஒரே மாதிரி பொட்டலம். சரியும் தவறும் ஒரே முகத்தோடு வந்து நின்றால், பாவம், பைண்ட் அவர்கள்தான் என்ன செய்வார்?

2000-ஆம் ஆண்டு 2.0 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது இந்தச் சமத்துவம் யாருக்கோ பொறுக்கவில்லை. ஆல்பாப் பதிப்பில் இறுக்கிவிட்டார்கள். ஒரே மதிப்பு, அதுவும் ஜோடியாக வேண்டும், இல்லாவிட்டால் எர்ரர். சத்தம் கிளம்பியது. இத்தனை பேரும் இந்தத் தப்பை எங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால், பைதானின் சொந்த ஆவணத்தில்! எடுத்துக்காட்டே அங்கே தப்பான வடிவத்தில் அச்சாகியிருந்தது. நம்பிப் படித்தவர்கள் நம்பியபடியே எழுதியிருந்தார்கள்.

மொழியைப் படைத்த கீடோ வான் ராசம், இறுக்கிய முடிச்சைத் தளர்த்திவிட்டார். திருத்தம் நடந்தது ஆவணத்தில். கோடில் இருந்த பிழை கோடிலேயே இருக்க, எழுத்தில் இருந்த பிழையை அழகாகச் சரிசெய்தார்கள். எவ்வளவு செலவில்லாத வைத்தியம்! இரண்டு மதிப்பு கொடுக்கும் வடிவத்துக்கு "இனி பயன்படுத்த வேண்டாம்" என்று ஒரு பட்டம் சூட்டி, வருங்காலப் பதிப்பு ஒன்றில் மறுபடி இறுக்குவோம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியும் வைத்தார்கள். ஓய்வுபெற வேண்டிய வயதில் பிழைக்குப் பதவி நீட்டிப்பு. அதே 2.0-இல் லிஸ்டின் அப்பெண்டும் கிட்டத்தட்ட இதே குற்றத்துக்காகப் பிடிபட்டது. ஒரு மதிப்பைச் சேர்க்கவேண்டிய இடத்தில் இரண்டைக் கொடுத்தால் டியூப்பிளாக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை, டைப்எர்ரர்தான். ஆவணத்திலேயே தப்பு அச்சாகும் யோகம் அதற்கு வாய்க்கவில்லை போலும்.

பிறகு அந்த வருங்காலமும் வந்து, இன்றைக்கு இரண்டாகக் கொடுத்தால் "ஒன்றுதான் வேண்டும், இரண்டு வந்திருக்கிறது" என்று பைண்ட் கறாராகச் சொல்லிவிடுகிறார். புதிதாகப் படிக்கிற பையன்கள் அந்த ஒற்றை அடைப்புக்குறிக்காக இப்போதும் தலையைச் சொறிகிறார்கள். அவர்களுக்கு ஒரு பொற்காலம் கைநழுவிப்போனது தெரியாது.

அடுத்தது வள்ளன்மை. பைதானில் ஹோஸ்ட் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுச் சரத்தைக் கொடுத்தால், அதாவது எதுவுமே எழுதாத இரண்டு மேற்கோள் குறி, இந்த இயந்திரத்தின் எல்லா முகவரியிலும் கதவைத் திறந்துவிடுவார். சி-யில் இதன் பெயர் ஐஎன்ஏடிடிஆர்_எனி, மதிப்பு 0.0.0.0. முல்லைக்கொடி பாரியிடம் வாய்திறந்து எதையும் கேட்கவில்லை. அவன் தேரைக் கொடுத்தான். இவரும் அந்தப் பரம்பரைதான், கேட்காதவருக்கு எல்லாவற்றையும் கொடுப்பார். கன்ஃபிக் கோப்பில் ஹோஸ்டின் பெயரை எழுத மறந்தவர் இருக்கிறார், என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டவர் இருக்கிறார். "இல்லாவிட்டால் வெற்றுச் சரம் போதும்" என்று எழுதிய அந்த ஒரு வரி போதும், உள்ளுக்குள் மட்டும் 127.0.0.1-இல் ஓடவேண்டிய அட்மின் பக்கம் ஊருக்கே தரிசனம் தரும். சி-யில் முகவரி அமைப்பு முழுவதையும் பூஜ்யத்தால் துடைத்துவிட்டு முகவரியை நிரப்ப மறந்தாலும் இதே பலன், ஏனென்றால் அந்தப் பூஜ்யமே "எல்லாம்". பிழைக்கும் தாராளத்துக்கும் ஒரே எண்ணை ஒதுக்கிய மூளையை எந்த மியூசியத்தில் வைப்பது?

ஒரு ஃபோல்டரில் நின்றுகொண்டு பைதானின் எச்டிடிபி.சர்வரை ஒற்றைக் கட்டளையில் கிளப்புகிறவர்கள் இதைத் தினமும் அனுபவிக்கிறார்கள். தன் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள நினைத்தவருக்கு, காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அந்த ஃபோல்டரைப் புரட்ட வசதி. ஃபயர்வால் என்ற அற்பன் குறுக்கே வந்தால்தான் தடை. ஒரே ஒரு முகவரியில் மட்டும் ஓடு என்று அந்தக் கட்டளையிலேயே சொல்ல ஒரு வழி 3.4 பதிப்பில், 2014-இல்தான் வந்தது. வழி வந்ததே தவிர வழக்கம் மாறவில்லை: சொல்லாவிட்டால் இன்றும் எல்லாருக்கும்தான்.

இப்படி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்பவர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கண்டிப்பு காட்டுவார். நீங்கள் சரியாக எழுதியிருக்கும்போது. சர்வரை நிறுத்தி ஒரு வரியைத் திருத்தி மறுபடி கிளப்புகிறீர்கள். எர்ர்னோ 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. மேக் என்றால் எண் 48, சங்கதி அதேதான். யார் பயன்படுத்துகிறார்கள்? ஒருவரும் இல்லை. போன உயிரின் கடைசி இணைப்பு டைம்-வெயிட் நிலையில் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் அறுபது வினாடி. வழிதவறி அலையும் பழைய பாக்கெட் ஏதாவது பிந்தி வந்து புது இணைப்பில் விழுந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம். அந்த அறுபது வினாடியும் மேல் அம்புக்குறி, எண்டர், மேல் அம்புக்குறி, எண்டர் என்று அடித்துக்கொண்டிருப்பார்கள். பொறுமையில்லாதவர்கள் 8000-ஐ 8001 ஆக்குவார்கள்.

இதற்கு எஸ்ஓ_ரீயூஸ்அட்ரஸ் என்று ஒரு மருந்து பெர்க்லி காலத்திலிருந்தே உண்டு. பைண்டுக்கு முன் சாக்கெட்டில் இட்டுவிட்டால் இந்தத் துக்கத்தைக் கண்டுகொள்ளமாட்டார். பைதானின் சாக்கெட்சர்வர் தொகுப்பில் தகப்பன் வகுப்பான டிசிபிசர்வர் இந்த மருந்தை இயல்பாகப் போடுவதில்லை. பிள்ளை வகுப்பான எச்டிடிபிசர்வர் போட்டுக்கொள்கிறது. தகப்பனை வைத்துப் பாடம் படிக்கிறவன் 98-ஐச் சந்தித்தே தீரவேண்டும், அதுவும் கல்விதானே. விண்டோஸ்காரர்கள் இதே பெயருக்கு வேறு பொருள் வைத்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே இதைப் போட்டால் அடுத்தவர் உயிரோடு உட்கார்ந்திருக்கும் போர்ட்டிலேயே நீங்களும் போய் உட்காரலாம். வருகிற இணைப்பு யாருக்குப் போகும் என்பது அவரவர் ஜாதகம். இப்படி நடக்கக்கூடாது என்று நினைக்கும் சுயநலக்காரர்களுக்காகப் பிற்பாடு எஸ்ஓ_எக்ஸ்குளூசிவ்அட்ரஸ்யூஸ் என்று தனியாக ஒன்றைச் செய்யவேண்டி வந்தது.

விண்டோஸுக்கு மட்டும் அந்தப் பெருமை போய்விடக்கூடாது என்று பைதான் நினைத்ததோ என்னவோ. 2015 டிசம்பரில் வந்த 3.4.4 பதிப்பில், அசிங்க்ஐஓ தொகுப்பில் யூடிபி சாக்கெட் திறக்கும் ஃபங்ஷனுக்கும் ரீயூஸ்_அட்ரஸ் என்ற வசதி சேர்ந்தது. யூனிக்ஸ் என்றால் தானாகவே "ஆம்". நுணுக்கம் எங்கே என்றால், டைம்-வெயிட் என்ற துக்கம் டிசிபி-க்கு மட்டுமே உண்டு; யூடிபி-யில் இணைப்பே கிடையாது, பிறகு எதற்குத் துக்கம்? வராத நோய்க்கு முன்கூட்டியே மருந்து, நோயாளி கேட்காமலே. பக்கவிளைவு என்னவென்றால், லினக்ஸில் இரண்டு புரோகிராமும் இந்த மருந்தைப் போட்டிருந்தால் ஒரே யூடிபி போர்ட்டை இருவருக்கும் பைண்ட் கட்டிக்கொடுத்துவிடுவார். இரண்டும் வேறுவேறு பயனருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. வருகிற பாக்கெட் யாரிடம் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் சர்வர் எர்ரர் இல்லாமல் எழும், லாகும் சுத்தமாக இருக்கும், பாதிச் செய்தியை வேறொருவர் வாசித்துக்கொண்டிருக்கலாம். தன்னுடைய போர்ட், அடுத்தவனுடைய போர்ட் என்ற பேதமே ஒழிந்த சமபந்தி போஜனம்.

நாலு வருடம் இந்தப் பந்தி நடந்தது. 2019 டிசம்பரில் 3.8.1-லும் அதன் கூடவே வந்த பழைய வரிசைப் பதிப்புகளிலும் இது பாதுகாப்புக்குக் கேடு என்று நிறுத்தினார்கள். நிறுத்திய விதம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு விருது தரலாம். ரீயூஸ்_அட்ரஸ் என்ற பெயரை எடுக்கவில்லை. அதற்கு "ஆம்" என்று கொடுத்தால் எர்ரர். "இல்லை" என்று கொடுத்தால், அதாவது அவர்களே சரி என்று சொல்லும் பதிலைக் கொடுத்தால், "இது வழக்கொழிகிறது" என்று எச்சரிக்கை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் அமைதி. 2022-இல் 3.11 வரும் வரை இந்தப் பெயர், ஆம் சொல்லவும் முடியாமல் இல்லை சொல்லவும் விடாமல், கொலுவிருந்தது. ஒரு பிழையைத் திருத்தும்போது அதன் மனம் புண்படக்கூடாது என்பதில் இவ்வளவு அக்கறை எடுத்தவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எல்லாரும் இவ்வளவு பண்பாகவா இருக்கிறார்கள்? நோட்.ஜேஎஸ்-காரர்கள் 2021 அக்டோபரில் 17-ஆம் பதிப்பில் என்ன செய்தார்கள்? அதுவரை ஒரு பெயருக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரியும் இருந்தால் வி4-ஐ முன்னுக்குத் தள்ளிக்கொடுத்து வந்தவர்கள், இனி இயங்குதளம் சொல்லும் வரிசையே வரிசை என்றுவிட்டார்கள். பல இயந்திரங்களில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் முதலில் வருவது ஐபிவி6-இன் "::1". 127.0.0.1-இல் மட்டும் கட்டிவைத்த சர்வர்களின் வாசலை விட்டுவிட்டு, பக்கத்தில் ஆளில்லாத வாசலைத் தட்டி "கனெக்‌ஷன் மறுப்பு" என்று திரும்பி வந்தன புரோகிராம்கள். நடந்ததைப் பொய்கூட்டாமல் சொன்னதற்குக் கிடைத்த வசவு கொஞ்சமா. ஊரார் செய்த திருத்தமோ எளிமையானது: லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை அழித்துவிட்டு 127.0.0.1 என்று எழுதிவிட்டார்கள்.

ரஸ்ட்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. அவர்களுடைய ஐபிவி4 சாக்கெட் முகவரி, உள்ளே பார்த்தால் சி மொழியின் பழைய அமைப்பாகவே இருந்தது, பதினாறு பைட். பைண்டை அழைக்கும்போது அப்படியே அதன் சுட்டியைக் கொடுத்துவிட முடிந்தது. உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் எம்ஐஓ, நெட்2, சாக்கெட்2 போன்ற நூலகங்கள் எட்டிப்பார்த்து, அமைப்பைத் தெரிந்துகொண்டு, நேராகச் சுட்டியைப் பிடித்து இயங்குதளத்திடம் நீட்டிவந்தன. ரஸ்ட் தன் முகவரியின் உள்ளமைப்பை மாற்றினால் அவை கண்ட நினைவகத்தையும் வாசிக்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்கள்? இத்தனை பேர் நம்பிவிட்டார்கள், இனி இதுவே முறை என்று இருந்திருப்பார்கள். இவர்கள் 2020-இல் மாற்றத்தை முன்மொழிந்தார்கள். பராமரிப்பில் இருந்த நூலகங்களின் ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து திருத்தினார்கள். திருத்திய பதிப்புகள் வெளிவந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் காத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் 1.64 வந்தபோதுதான் மாற்றம் அமலானது. செந்தர நூலகத்தின் உள்ளமைப்பை ஒருவரும் நம்பக்கூடாது என்று வெளியீட்டு அறிவிப்பில் மூஞ்சிக்கு நேராக எழுதியும் வைத்தார்கள். மெனக்கெட்டதற்குப் பலன், பதினாறு பைட் ஆறாகச் சுருங்கியது.

ஆவணத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தால் ஒரே மத்தியானத்தில் முடிந்திருக்கும்.